நூல் போதவில்லை

சோப்பு வந்த அட்டைப்பெட்டி, பிஸ்கட் பெட்டி,
மருந்துக்கடை தூக்கிப் போட்டது:
எல்கான் மலையின் எங்கள் பக்கத்தை
இவற்றால்தான் அடுக்கினோம்,
பத்து மீட்டருக்கு ஓர் அட்டை.
புனமாசா தேவாலயத்தின் தரையில்
மூன்றே நாளில்
முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது மலை.

மாவட்ட அலுவலகம் கொடுத்தனுப்பிய வரைபடத்தில்
எங்கள் ஊர் ஒரு காப்பிக்கறை.
அதைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு
அடெக்கே என்ற பெண்
ஊசிப்பெட்டியை என் மடியில் தந்தாள்.
நீலத்தலை ஊற்றுக்கு,
மஞ்சள் வீட்டுக்கு,
பச்சை பாலத்துக்கு.
கறுப்பு எதற்கென்று அவள் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.
முதலில் தீர்ந்தது கறுப்புதான்.

நமுதோசி தன் வீட்டைக் குத்தினாள், பிடுங்கினாள்,
விரற்கடை தள்ளிக் குத்தினாள்:
"வாழைக்கு இந்தப் பக்கம்தானே நான்?"
எந்தப் பாலம் முதலில் முங்கும் என்று
பைக் ஓட்டும் மபோங்காவின் டயருக்குத் தெரியும்.
பிரசவம் பார்க்கும் கைன்சாவுக்கோ
ஊற்று கலங்கிய நாள் நினைவிருந்தது:
அதற்கு மூன்றாம் நாள்தான்
மேல்சரிவு இறங்கி வந்தது.
அடெக்கே எழுதிக்கொண்டே இருந்தாள்.
பேனா மாற்றி எழுதினாள்.

பிறகு சிவப்பு நூல். விரிசலுக்கு.

கண்டவர்கள் கண்ட இடத்தில் பிடித்தார்கள்.
காப்பித் தோட்டத்தின் தலையில் தொடங்கி
நூல் இறங்கி வந்தது
வமோனோவின் வேலிவரை.
"இதற்கு இந்தப் பக்கம் ஒன்றுமில்லை" என்றார் வமோனோ.
சனிக்கிழமை ம்பாலேயிலிருந்து
நிலம் பார்க்க ஆள் வருகிறார்.
எல்லோருக்கும் தெரியும்.
கைன்சா மட்டும் சொன்னாள்:
"மரியாதை தெரிந்த விரிசல்.
கதவைத் தட்டிவிட்டு
வெளியிலேயே நிற்கிறது."

யாரோ சிரித்தார்கள். அதற்குள் மழை.
தகரக் கூரையில் மழை விழுந்தால்
இங்கே எவரும் பேச முடியாது,
பேசாமல் இருப்பதற்கு
வேறு காரணமும் தேவையில்லை.
அண்ணாந்து கூரையைப் பார்த்திருந்தோம்.

மழை சற்றே தணிந்தபோது
வமோனோ குந்தியிருந்தார் மலையருகே.
நூல்கண்டு அவர் கையில்.

"ஏப்ரலிலிருந்து மண் அள்ளிப் போட்டேன்,
மிதித்தேன், மேலே பீன்ஸ் விதைத்தேன்.
பீன்ஸும் உள்ளே போய்விட்டது."

நூல் வேலியைத் தாண்டியது.
அடுப்படி வழியாக,
கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே,
ஆட்டுக்கொட்டில், கீழ்வேலி, ஒற்றையடிப் பாதை.
அவர் விரல் நடந்துகொண்டே இருந்தது.
இங்கே ஒரு கல் சாய்ந்திருக்கிறது என்றார்.
இங்கே பள்ளிக்கூடத்தின் சுவர்,
சுண்ணாம்பு பூசி மறைத்ததை நீங்களும் பார்த்தீர்கள்.
அதற்கப்பால்
கண்டில் நூல் இல்லை.

நமுதோசி தன் ஸ்வெட்டரின் கையிலிருந்து
ஒரு இழையைப் பிடித்து இழுத்தாள்.
சிவப்புதான். சற்று வெளுத்த சிவப்பு.
பள்ளிச்சுவரிலிருந்து
தீக்குச்சிச் சிலுவை நட்ட அட்டைவீட்டுக்கு
இழை நேராகப் போனது.

அதன்மேல் காலையில் நாங்களே ஒட்டிய காகிதக்கொடி:
அடைக்கலம் இங்கே.

அந்த வீட்டுக்குள்தான் நாற்பத்தியொரு பேர்
மலையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.
காலடியில் தரையைப் பார்த்தோம்.
பாயை விலக்கினான் ஒரு பையன்.
தலைமுடி அளவு கோடு,
போன மாதமும் இருந்திருக்கும்,
பெருக்கித் தள்ளியிருப்போம்.

யாரும் ஓடவில்லை.
கொடியைப் பிய்த்தவர் அடுத்தவரிடம் கொடுத்தார்,
அவர் அடுத்தவரிடம்.
கடைசியில் அது எங்கே போனதென்று தெரியவில்லை.

எதிர்மேட்டுச் சந்தைக் கொட்டகைக்கு
மலையைத் தூக்கினோம், எட்டுப் பேர்.
கதவு குறுகல்.
சாய்த்தால்தான் வெளியே போகும்.
சாய்த்தோம்.
சாய்த்ததும் கீழ்ச்சரிவிலிருந்து
மஞ்சள் ஊசிகள் உதிர்ந்தன,
சிமெண்ட் தரையில் மெல்லிய சத்தம்.

நான் பொறுக்கினேன். பன்னிரண்டு.
ஈரக் கொட்டகையில் ஒவ்வொருவராக வந்து
"இது எங்களது" என்று வாங்கிக் குத்திப் போனார்கள்.
வமோனோ தன் ஊசியை
நூலை ஒட்டியே குத்தினார்.
சனிக்கிழமை வருபவரிடம்
இதைக் காட்டுவாரா, கேட்கவில்லை.

பன்னிரண்டாவதை
யாரும் கேட்டு வரவில்லை.
மடியில் பெட்டியோடு மூன்று நாள் இருந்தேனே,
அது என்னுடையது.
நூலுக்கு மேலா, கீழா?
மழை விட்டதும்
போய்ப் பார்க்க வேண்டும்.